வேட்டிக்கு ஒரு மாதம், எங்களுக்கு எத்தனை வருடம்?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் விழித்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் பேச அழைத்தபோது நடுவர் ஒரு நொடி திணறியதைக் கவனித்தீர்களா? 'அடுத்து பேச வரும் சகோத...' வரைக்கும் வந்துவிட்டார். மீதி 'ரன்' என்று முடிப்பதா 'ரி' என்று முடிப்பதா என்று தெரியவில்லை. என் கிராப்பைப் பார்த்தார், காதில் கிடக்கும் தோட்டைப் பார்த்தார், மறுபடி கிராப்பைப் பார்த்தார். கடைசியில் 'அடுத்து பேச வருகிறார்' என்று சொல்லித் தப்பித்துவிட்டார். நன்றி ஐயா. எனக்கு அது போதும்.

தமிழில் இந்த வசதி இருக்கிறது. 'வந்தான்' என்றால் ஆண், 'வந்தாள்' என்றால் பெண். 'வந்தார்' என்றால்? மரியாதை. மரியாதை கொடுக்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று தமிழ் கேட்பதே இல்லை. மரியாதையைக் கழற்றிய பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. 'அலுவலகத்தில் ஆணுக்கு ஓர் உடை விதி, பெண்ணுக்கு ஓர் உடை விதி தேவையா, தேவையில்லையா' என்பது இன்றைய தலைப்பு. தேவையில்லை என்கிறது எங்கள் அணி. உடை விதியையும் 'வந்தார்' என்றே எழுதுங்கள் என்கிறோம்.

எதிரணித் தலைவர் 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று ஆரம்பித்தார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் ஐயா, அந்த ஆடைப் பாதியை நீங்கள் முடிவு செய்தால், ஆள் பாதியை நான் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறதே!

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழில் நான் பெண். பத்தொன்பது வயதிலிருந்து கிராப், சட்டை, பேன்ட். திருநம்பியா, அதாவது பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவரா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. டாம்பாய் என்பார்கள். முப்பத்து நான்கு வயதில் என்ன 'பாய்'? இரண்டு கட்டத்திலும் சரியாக உட்காராத ஆள், அவ்வளவுதான்.

முதல் வேலை சென்னையில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். வேலை உத்தரவோடு உடை விதியும் ஒரு தாளில் வந்தது. ஆண்கள்: முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ. பெண்கள்: புடவை, அல்லது துப்பட்டாவுடன் சுடிதார். நான் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, டக் இன் பண்ணி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் போனேன். விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருந்தேன் நடுவரே! வரிதான் மாறிப்போச்சு.

மூன்றாம் நாள் மனிதவளப் பிரிவில் கூப்பிட்டார்கள். அந்த அம்மா நல்லவர்தான், காபியெல்லாம் கொடுத்தார். 'உன் டிரஸ் நீட்டா இருக்கும்மா. ஆனா க்ளையன்ட் வர்ற அன்னைக்கு மட்டும்...' என்று இழுத்தார். அன்றிலிருந்து என் டிராயரில் ஒரு சுடிதார் செட்டும் துப்பட்டாவும் குடியேறின. க்ளையன்ட் வருகிறார் என்றால் மற்றவர்கள் பிரசன்டேஷனைத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் பாத்ரூமில் உடை மாற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பாத்ரூமுக்குள் போவதற்கே 'சார், இது லேடீஸ்' என்று ஒரு குரல் வரும். வாசலில் சோதனை போடும் இடத்தில் ஆண்கள் வரிசையிலிருந்து பெண்கள் வரிசைக்கும், அங்கிருந்து திரும்ப இங்கேயும் அனுப்புவார்கள். என் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும். 'உடைதானே, ஒரு நாள் மாற்றிக்கொண்டால் என்ன' என்று எதிரணி அம்மா கேட்டார். ஒரு நாள் நீங்கள் உங்கள் கணவரின் சட்டை பேன்ட்டில் வந்து, அதே நிதானத்தோடு இந்த மேடையில் பேசிக் காட்டுங்கள் அம்மா. துணி உறுத்தாது, பார்வைதான் உறுத்தும்.

அப்புறம் பொங்கல் வந்தது. 'பெண்கள் பட்டுப் புடவை, ஆண்கள் வேட்டி' என்று மின்னஞ்சல். நான் தாத்தாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். கோலத்துக்குப் பக்கத்தில் எடுத்த குழுப் படத்தில் என்னைக் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தப் படத்தில் தூண் ரொம்ப அழகாக வந்திருக்கிறது.

வேட்டி என்றதும் 2014 ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வருடம் ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் விழா. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விட மறுத்தார்கள். கிளப்பின் உடை விதியாம். தமிழ்நாடே கொதித்தது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் பேசின. அடுத்த மாதமே, ஆகஸ்டில், சட்டம் வந்துவிட்டது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். மிகச் சரி. நானும் கைதட்டினேன். ஆடையை வைத்து ஒருவரை வாசலில் நிறுத்துவது அவமானம் என்று இந்த ஊருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதே 2014இல், ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த 'நால்சா' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் தன் பாலினத்தை உடையால், பேச்சால், நடத்தையால் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தருகிற கருத்துரிமைக்குள் வரும் என்றது. நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன பேச்சு இது. வேலையில் திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட திருநர்மீது பாகுபாடு காட்டக் கூடாது, ஒவ்வொரு நிறுவனமும் புகார் கேட்க ஒரு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட 2019 ஆனது. வேட்டிக்கு ஒரு மாதம், மனிதர்களுக்கு ஐந்து வருடம்!

இன்னொன்று கேளுங்கள். அதே 2019இல் தமிழ்நாடு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் அரசாணை வந்தது. பெண்கள் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். ஆண்கள் சட்டை, பேன்ட் அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. ஐந்து வருடம் முன்பு போராடி மீட்ட வேட்டியை ஆண்கள் வரியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பண்பாடு பொது, வேட்டி மட்டும் ஆண்களுக்கு.

பண்பாட்டைப் பற்றி எதிரணியில் உருக்கமாகப் பேசினார்கள். தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் போராடிய ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களிடமும் 'வழக்கம்' என்றுதான் சொன்னார்கள். 1859இல் அரச அறிவிப்பு வந்தபோதும், மேலாடை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. மறைப்பதா திறப்பதா என்பதல்ல அங்கே பிரச்சினை. யார் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான்.

'வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?' எதிரணியின் பிரம்மாஸ்திரம் இது. அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸ் என்று ஒருவர். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனத்தில் வேலை. 1982இல் பங்குதாரராக்க 88 பேரைப் பரிந்துரைத்தார்கள், அதில் இவர் ஒருவர்தான் பெண். வாடிக்கையாளருக்கு அவரைப் பிடித்திருந்தது. அரசின் பெரிய ஒப்பந்தம் ஒன்றையே நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவர். பிடிக்காதது உள்ளே இருந்தவர்களுக்குத்தான். பெண்மையாக நட, பெண்மையாகப் பேசு, உடுத்து, மேக்கப் போடு, நகை போடு, தலையைச் சீவி அலங்காரம் பண்ணு என்று அறிவுரை கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து ஒருவரை ஒதுக்குவதும் பாலினப் பாகுபாடுதான் என்று 1989இல் அந்த நீதிமன்றம் சொன்னது. பிற்பாடு அவர் பங்குதாரராகவே அங்கு திரும்பினார். கவனியுங்கள், அவர் மூன்று குழந்தைகளின் தாய். என்னைப் போன்ற ஆளே அல்ல. அந்த இரண்டு வரி அவரையும் விட்டுவைக்கவில்லை.

பாதுகாப்பு என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்குகிற துணி கூடாது. அது துப்பட்டாவுக்கும் பொருந்தும், டைக்கும் பொருந்தும், அவிழ்ந்த வேட்டிக்கும் பொருந்தும். அங்கே வேலையைப் பார்த்துத்தான் விதி எழுதுகிறோம், ஆளின் பாலினத்தைப் பார்த்து அல்ல. காவல்துறையைப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டமில்லை என்று தள்ளப்பட்ட திருநங்கை பிரித்திகா யாஷினி, 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017இல் உதவி ஆய்வாளர் ஆனார். அவர் போடுவதும் காக்கிதான், ஆண் உதவி ஆய்வாளர் போடுவதும் காக்கிதான்.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் சொன்ன ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைத்தது. தன்னோடு வேலை செய்யும் திருநங்கைத் தோழி, 'பெண்கள் வரியில் புடவை என்று இருக்கு, நான் அதைக் கட்டிக்கிட்டு வர்றேன், அந்த வரிதான் எனக்கு அங்கீகாரம்' என்றாராம். நியாயம். அவர் எத்தனை வருடம் காத்திருந்து அந்தப் புடவையைக் கட்டினாரோ, அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் அவர் இன்று எந்த வரியில் வருகிறார் என்று முடிவு செய்யும் பேனா அலுவலகத்தின் கையில் இருக்கிறது. நாளைக்கு வேறொரு மேலாளர் வந்து 'உன் அடையாள அட்டையில் என்ன போட்டிருக்கு' என்று கேட்டால்? புடவை, சுடிதார், வேட்டி, சட்டை பேன்ட் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கட்டும், சுத்தமாக இருக்கட்டும், யார் எதை எடுப்பது என்பது அவரவர் பாடு. அப்போது அவர் புடவையை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் உடை விதி ஒன்றரை வரிதான்: சுத்தமாக, வேலைக்கு ஏற்றபடி வரவும். ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை. பழைய அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அந்தத் துப்பட்டா இங்கேயும் என் டிராயரில் இருக்கிறது நடுவரே. நல்ல பருத்தி. மானிட்டர் துடைக்க அருமையாக இருக்கிறது.