புயல் பாதையில ஒரு கல்வீட்டு ஊரு: பிலிப்பைன்ஸோட சப்தாங்

[மேப்: மணிலால ஆரம்பிச்சு வடக்க நகருது]

பிலிப்பைன்ஸ் மேப்ப எடுத்து வடக்குப் பக்கமா போய்க்கிட்டே இருங்க. மணிலா போச்சு, லூசோன் தீவும் முடிஞ்சு போச்சு, அப்புறம் வெறும் கடல், அதுக்கும் மேல தைவானுக்கு முன்னாடி சின்னச் சின்னதா கொஞ்சம் தீவுங்க தெரியுதுல்ல, அதான் பட்டானெஸ் மாகாணம். பரப்பளவுலயும் சரி ஜனத்தொகைலயும் சரி அந்த நாட்டுலயே சின்ன மாகாணம் இதுதான், 2020 சென்சஸ்படி 19,000 பேர் கூட கெடையாது. அங்க இருக்கிற 6 முனிசிபாலிட்டில ஒண்ணு சப்தாங். தனித் தீவு, சுமாரா 40 சதுர கிலோமீட்டர், 2,000-க்கும் கம்மியான ஜனங்க. இன்னைக்கு வீடியோ முழுக்க இந்த ஊரப் பத்திதான்.

முனிசிபாலிட்டின்னு சொன்னதும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டுன்னு பெரிய டவுன நெனச்சுக்காதீங்க. பிலிப்பைன்ஸ்ல வயலு, மலை, மீன்பிடி கிராமம் எல்லாம் சேர்ந்த ஒரு பகுதிக்கும் அதே நிர்வாகம்தான், ஒரு மேயர், ஒரு வைஸ் மேயர், கவுன்சிலருங்க, 3 வருஷத்துக்கு ஒருக்கா எலெக்‌ஷன். அதுக்குக் கீழ ஒவ்வொரு கிராமமும் ஒரு பராங்காய். சப்தாங்ல 6 பராங்காய் இருக்கு: சினாக்கன், மலக்டாங், சவிடுக், சாவாயன், சும்னங்கா, நக்கன்முவன். ஆபீஸ், ஸ்கூல், சர்ச் எல்லாம் சினாக்கன், மலக்டாங் பக்கம். மத்ததெல்லாம் கடலோரமா தள்ளித் தள்ளி இருக்கிற கிராமங்க. இங்க வாழற ஜனங்களுக்கு இவாத்தான்னு பேரு, அவங்க பேசற பாஷைக்கும் அதேதான்.

[சாட்டிலைட் படம்: பசிபிக்ல சுத்தற புயல்]

சரி, இந்த ஊர எதுக்கு எடுத்தேன்னா, இது உக்காந்திருக்கிற இடம் அப்படி. பசிபிக்ல உருவாகி தைவான், தென் சீனா பக்கம் போற புயல்ல நெறைய இந்தத் தீவுங்க வழியாதான் போகும். 2016 செப்டம்பர்ல மெராந்தி, அங்க அதுக்கு ஃபெர்டின்னு பேரு வெச்சாங்க, பக்கத்துத் தீவு இத்பாயாத் மேல நேராவே ஏறிப் போச்சு. 2021 செப்டம்பர்ல சந்து, அங்க கிகோன்னு சொல்வாங்க, எதிர்க்கரைல, பட்டான் தீவுல இருக்கிற இவானாங்கிற ஊர்ல கரையேறுச்சு. 2024 செப்டம்பர் கடைசில ஜூலியன் வந்து மாகாணம் முழுக்க வீடுகளப் பதம் பாத்துட்டுப் போச்சு. இப்படி ஒரு இடத்துல ஒரு ஜனம் எப்படி வீடு கட்டும், என்ன பயிர் வெக்கும், எப்படி சாப்பாட்ட சேர்த்து வெக்கும்? இந்தக் கேள்விதான் என்னய இந்த ஊர் பக்கம் இழுத்துச்சு.

மொதல்ல வீடு. சாவாயன், சவிடுக் ரெண்டு கிராமத்துலயும் குறுகலான கல் பாவின தெரு, ரெண்டு பக்கமும் கருங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சு கட்டின வீடுங்க. சுவரு சில வீட்டுல ஒரு மீட்டர் கனம் வரைக்கும் இருக்கும். அந்த சுண்ணாம்பே பவளப்பாறைய சுட்டு எடுக்கிறதுதான். கதவு, ஜன்னல் எல்லாம் சின்னதா உள்ளடங்கி இருக்கும், அதுலயும் காத்து பலமா அடிக்கிற பக்கத்துச் சுவத்துல ஜன்னலே வெக்க மாட்டாங்க, மூணு பக்கம்தான். சமையல்கட்டு தனிக் கட்டடம், ஏன்னா மேல இருக்கிறது புல்லு, தீ பிடிச்சா அவ்ளோதான்.

ஃபோட்டோல பாக்கிற எல்லாரும் சுவத்தத்தான் பாக்குறாங்க, ஆனா அந்த வீட்டோட உயிரு கூரைல இருக்குங்க. கோகோன்ங்கிற ஆள் உசரத்துக்கு வளர்ற ஒரு புல்லு, அத அறுத்து, காயவெச்சு, கத்தை கத்தையா கட்டி, அடுக்கு மேல அடுக்கா வேஞ்சு, பிரம்பாலயும் நாணல் குச்சியாலயும் இறுக்கிக் கட்டுவாங்க. கீழ ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு மேல மேல ஏறணும், அப்பதான் மேல் கத்தை கீழ் கத்தையோட கட்ட மூடும், தண்ணி உள்ள எறங்காம வழிஞ்சு ஓடும். சரிவு நல்லா செங்குத்தா இருக்கணும். ஒரு கத்தை லூசா இருந்தாலும் காத்து அங்கதான் விரல விட்டு மொத்தத்தையும் பிரிச்சுரும். நல்லா கை தேர்ந்தவங்க வேஞ்சா 20, 30 வருஷம் தாங்கும்னு சொல்வாங்க. இதுக்கு மேல புயல் வருதுன்னு தெரிஞ்சா பான்பெட்னு ஒரு வலை, தடிச்ச கயித்துல பின்னினது, அத கூரை மேல போத்தி, கீழ கல்லுலயும் முளையிலயும் இழுத்துக் கட்டிருவாங்க.

[க்ளோஸப்: கூரை ஓரம், கத்தைக் கட்டு]

இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரு வீட்டுக்கு எவ்ளோ புல்லு வேணும், எத்தன கை வேணும். ஒரு குடும்பத்தால இது முடியவே முடியாது. ஊரே வரணும். கூரை போடற வீட்டுக்காரங்க சாப்பாடு போடுவாங்க, கூலி கெடையாது, நாளைக்கு உங்க வீட்டுக்கு நான் வருவேன், அவ்ளோதான் கணக்கு. வயல் வேலைக்கும் இதே முறைதான், பயுஹுவான்னு சொல்வாங்க, இளந்தாரிங்க ஒரு கூட்டமா சேர்ந்து இன்னைக்கு ஒருத்தர் வயலு, நாளைக்கு இன்னொருத்தர் வயலுன்னு மாறி மாறி உழைப்பாங்க, அப்ப பாடறதுக்குன்னே கலுசன்னு ஒரு பாட்டு வகை, ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க சேர்ந்து பாடுவாங்க, படகு துடுப்பு போடும்போதும் இதே பாட்டுதான். அதனால எனக்குத் தோணறது என்னன்னா, இந்த வீடுங்க நிக்கறது கல்லு கனமா இருக்கிறதால மட்டும் இல்ல, கூப்பிட்டா வர்ற அளவுக்கு ஜனங்க ஊர்ல இருந்ததால.

இன்னொரு விஷயம், இந்தக் கல்வீடு ஆதிகாலத்துல இருந்தே இருக்குன்னு நெறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல. 1687-ல வில்லியம் டாம்பியர்ங்கிற ஆங்கிலேய மாலுமி இந்தத் தீவுங்க பக்கம் வந்தப்ப பாத்தது தாழ்வான சின்னச் சின்ன வீடுங்க, மலைச்சரிவுல படிப்படியா, ஏணி வெச்சு ஏறிப் போற மாதிரி. எதிரி வந்தா மேல ஏறி ஏணிய இழுத்துக்கலாம். சவிடுக் பக்கத்துல இன்னமும் இத்யாங்னு சொல்ற அந்த மாதிரி ஒரு பாறைக் கோட்டை இருக்கு. ஸ்பெயின்காரங்க 1783-ல பட்டானெஸ எடுத்துக்கிட்ட அப்புறம்தான் சுண்ணாம்பு வெச்சு கல்லு கட்டற வேலை வந்துச்சு. அந்தக் கட்டட வேலையக் கத்துக்கிட்டு, தங்களோட பழைய புல்லுக் கூரைய விடாம அது மேல ஏத்தி, புயலுக்கு ஏத்த மாதிரி மாத்தினது இவாத்தான் ஜனங்க.

ஸ்பெயின்காரங்க வந்தத இந்த ஊரு சும்மாவும் ஏத்துக்கல. சப்தாங்ல அமன் டங்கட்னு ஒரு தலைவர், கவர்னரோட ஆளுங்க வந்து மரத்தையும் சாமானையும் சரியான காசு குடுக்காம எடுத்துட்டுப் போறத எதிர்த்து எழுந்தாரு. 1791-ல அவர தூக்குல போட்டாங்க. அதோட விடல, சப்தாங் ஜனங்களயே தீவ விட்டுக் கெளப்பி எதிர்க்கரை இவானா பக்கம் குடி வெச்சாங்க. 19-ம் நூற்றாண்டுலதான் அவங்க திரும்ப வந்து ஊர மறுபடி கட்டினாங்க. ஒரு தலைமுறைக்கும் மேல வெளிய இருந்துட்டு திரும்பி வந்த ஜனங்க கட்டின ஊரு இது, அந்தத் தெருவுல நடக்கிறவங்க இதத் தெரிஞ்சுக்கிட்டு நடக்கணும்னு நான் ஆசப்படறேன்.

[வயல், வேலி, கடல்]

சாப்பாட்டு விஷயம் பாருங்க. காத்துல சாயற பயிரு இங்க வேலைக்கு ஆகாது, அதனால மண்ணுக்குள்ள வெளையறதுதான் இவங்களுக்கு ஆதாரம்: வக்காய்னு சொல்ற சக்கரவள்ளிக் கெழங்கு, உவின்னு சொல்ற பெருவள்ளிக் கெழங்கு, சேம்பு. அப்புறம் பூண்டு, மாடு. வயலுக்கு வயலு நாணல் வேலி, காத்த ஒடைக்கறதுக்கு. மார்ச்ல இருந்து மே வரைக்கும் கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும், அப்ப திபாங்னு சொல்ற பறக்கும் மீனப் புடிச்சு, அதையே தூண்டில்ல மாட்டி அராயுங்கிற பெரிய மீனப் புடிப்பாங்க, டொராடோ, மஹி மஹின்னு வெளில சொல்றாங்களே அதேதான். அத ரெண்டா பொளந்து, உப்புப் போட்டு, வெயில்ல வரிசையா தொங்கவிட்டு காயவெச்சு எடுத்து வெச்சா கடல் கொந்தளிக்கிற மாசங்களுக்கு ஆகும். பன்னிக் கறிய உப்புப் போட்டு அதோட கொழுப்புலயே வதக்கி, அந்தக் கொழுப்புக்குள்ளயே மூழ்க வெச்சுருவாங்க, லுன்யிஸ்னு பேரு, ரொம்ப நாள் கெடாது. அரிசி வெளில இருந்து கப்பல்ல வரணும், புயல் நேரத்துல கப்பல் வராது, அதனால இதெல்லாம் விருந்துச் சாப்பாடு இல்ல, இருப்புச் சாப்பாடு.

சாவாயன் பொம்பளைங்க பின்னற வக்குல்ங்கிற தலைப்போர்வையையும் சொல்லிரணும். வுயவுய்னு ஒரு ஈச்சமர வகை, அதோட நாரக் கிழிச்சு சீவி, தலைல வெச்சா முதுகு வரைக்கும் தொங்கற மாதிரி பின்னுவாங்க. வெயிலும் மழையும் ரெண்டும் இறங்காது, வயல்ல குனிஞ்சு வேலை பாக்கறப்ப ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். டூரிஸ்ட் தலைல வெச்சு ஃபோட்டோ எடுக்கிற பொருளா இப்ப ஆயிருச்சு, ஆனா அது வேலைக்காரங்களோட பொருளு.

[இத்பாயாத், இடிஞ்ச சுவருங்க]

இவ்ளோ சொல்லிட்டு மறுபக்கத்தையும் சொல்லணும். கல்லு காத்துக்குத் தாங்கும், நெலநடுக்கத்துக்குத் தாங்காது. 2019 ஜூலை 27, இத்பாயாத்ல விடியறதுக்கு முன்னாடி 5.4 அளவுல ஒரு நடுக்கம், காலைல மறுபடியும் 5.9. பழைய கல்வீடுங்க சரிஞ்சு 9 பேர் செத்துப் போனாங்க, சர்ச்சோட மணிக்கூண்டும் விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு அம்மா எனக்குக் கான்க்ரீட் வீடுதான் வேணும்னு சொன்னா அவங்கள யாரும் குத்தம் சொல்ல முடியாது. பாரம்பரியத்தக் காப்பாத்துங்கன்னு தூரத்துல இருந்து சொல்றது சுலபம், அதுக்குள்ள தூங்கறவங்க அவங்க.

கான்க்ரீட்டும் தகரக் கூரையும் பெருகறதுக்கு நடுக்கம் மட்டும் காரணம் இல்ல. பசங்க படிக்கவும் வேலைக்கும் மாகாணத் தலைநகர் பாஸ்கோ, மணிலா, வெளிநாடுன்னு போயிடறாங்க. ஊர்ல ஆளு கொறஞ்சா கூரைக்கு ஆளு கெடைக்காது, வேயத் தெரிஞ்ச பெரியவங்ககிட்ட நின்னு கத்துக்கறதுக்கும் ஆளு இல்ல. தகரம்னா நாலு பேர் போதும். இந்தப் பகுதிய யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல 1993-லயே சேர்த்தாச்சு, மாகாணத்தையே பாதுகாக்கப்பட்ட பகுதின்னு 2001-ல சட்டம் போட்டாச்சு, ஆனா சட்டத்தால புல்லு அறுக்க முடியாதுங்க. வீட்டுக்கு மானியம் குடுக்கிற மாதிரி, கூரை வேயற பெரியவங்களுக்கும் அவங்ககிட்ட கத்துக்க வர்ற பசங்களுக்கும் சம்பளம் குடுக்கணும், சுவத்துக்குள்ள நடுக்கம் தாங்கற மாதிரி பலப்படுத்தற வேலைக்கு இஞ்சினியருங்க வரணும், இது ரெண்டும் சேர்ந்து நடந்தாதான் இந்த வீடுங்களுக்குள்ள ஜனங்க பயமில்லாம இருப்பாங்க. சாவாயன்ல இருக்கிற சாந்தா ரோசா சேப்பல்ல இன்னமும் கோகோன் கூரைதான், அதக் கட்டறதும் பழுது பாக்கறதும்தான் அந்தக் கைவேலைய உயிரோட வெச்சிருக்கு.

[ஃபலோவா படகு, இவானா துறை]

போகணும்னு நெனக்கிறவங்களுக்கு: மணிலால இருந்து பாஸ்கோவுக்கு ஃப்ளைட், அங்க இருந்து ரோடு வழியா இவானா. துறைக்கு எதிர்லயே ஹானஸ்டி காபி ஷாப்னு ஒரு கடை இருக்கு, 1995-ல இருந்து நடக்குது, கடைல ஆள் கெடையாது, எடுத்துக்கிட்டு காசப் பெட்டில போட்டுட்டு நோட்டுல எழுதிட்டுப் போகணும், சில்லறை எடுத்துட்டுப் போங்க. அங்க இருந்து ஃபலோவாங்கிற உள்ளூர் படகுல சப்தாங் போக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். மத்த பிலிப்பைன்ஸ் படகு மாதிரி ரெண்டு பக்கமும் மூங்கில் கை இருக்காது, இந்த அலைக்கு அது ஒடஞ்சுரும், அதனால நல்லா உருளும், வாந்தி வர்றவங்க முன்கூட்டியே மாத்திரை போட்டுக்குங்க. கடல் சரியில்லன்னா கோஸ்ட் கார்டு படக விடமாட்டாங்க, அதனால மார்ச்சுல இருந்து மே-க்குள்ள போங்க, கைல ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா வெச்சுக்குங்க, சப்தாங்ல எறங்கினதும் டூரிஸம் ஆபீஸ்ல பேரப் பதிஞ்சுட்டு, உள்ளூர் ஆள் ஒருத்தர கைடா வெச்சுக்குங்க, முடிஞ்சா ஒரு ராத்திரி ஊர்லயே ஹோம்ஸ்டேல தங்குங்க, காலைல வந்து மதியம் திரும்பினா அந்தக் காசுல பாதி கூட கிராமத்துக்குப் போய்ச் சேராது.