கைவிட்டவர்களை ஊர் ஏன் நம்பியது?

நேயர்களுக்கு வணக்கம். அரசியல் பேசப் போகிறேன் என்றதும் நிலையத்தில் கொஞ்சம் தயங்கினார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய அரசியல்தான், இதனால் இன்றைக்கு யாருடைய ஓட்டும் கூடவோ குறையவோ போவதில்லை என்று சொல்லித்தான் இந்த மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்திலிருந்தே என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. தனி நாடு வேண்டும் என்று கேட்டு வளர்ந்த ஒரு கட்சி, ஒருநாள் அந்தக் கோரிக்கையையே கைவிடுகிறது. ஊர் ஊராக மேடை போட்டு அதைக் கேட்டவர்கள் எல்லாம் அப்படியே இருக்கிறார்கள். ஜனங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? பேச்சு மாறிவிட்டார்கள் என்று ஒதுக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1962 தேர்தலில் சட்டமன்றத்தில் 50 இடம் பிடித்த தி.மு.க., 1963இல் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் 234 இடங்களில் 130க்கு மேல் பிடித்து ஆட்சிக்கு வந்தது.

அது அரிசிப் பஞ்சத்துக்கு விழுந்த ஓட்டு அய்யா என்று யாரோ ரேடியோவைப் பார்த்துச் சொல்வது எனக்குக் கேட்கிறது. வாஸ்தவம்தான். அரிசி, ராஜாஜியோடு கூட்டணி, குண்டடி பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருந்த சுவரொட்டி, எல்லாம் சேர்ந்த ஓட்டு அது. ஆனால் ஓட்டு வேறு, நம்பிக்கை வேறு. கோபம் வந்தால் நம்பாத ஆளுக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள்தான் நாம். அவ்வளவு பெரிய பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் அடுத்தாற்போல் சொன்னதை, ஜனங்கள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்களே, அது எப்படி? எனக்கு வேண்டியது அந்த விடை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. திராவிட நாடு என்பது 1930களின் கடைசியில், இந்தி எதிர்ப்பை ஒட்டிப் பெரியார் எழுப்பிய கோரிக்கை. அப்போதைய சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். 1949 செப்டம்பரில் அண்ணாதுரை தனிக்கட்சி தொடங்கியபோது இந்தக் கோரிக்கையையும் கூடவே கொண்டு வந்தார். அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு. இந்த முழக்கத்தைக் கேட்காத சுவர் மதுரையில் அன்றைக்கு இருந்திருக்காது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தன. ஆந்திராவும் கேரளாவும் மைசூரும் தங்கள் தங்கள் வீட்டுக்குக் குடிபோய்விட்டன. வீடு கிடைத்தவனைக் கூப்பிட்டுக் கூட்டாக வீடு கட்டலாம் வா என்றால் வருவானா? வரவில்லை. அவர்களை வரவழைக்கிற அளவுக்கு இங்கிருந்து யாரும் அங்கே போய்ப் பேசவும் இல்லை என்பது என் கட்சி. கட்சி என்றால் என் வாதம் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன், பயப்பட வேண்டாம்.

சரி, மதுரைக்கு வருகிறேன். செல்லூரில் எங்கள் தெருமுனையில் ஒரு சலூன் இருந்தது. அப்போது செல்லூர் முழுக்கத் தறிச்சத்தம். அந்த நேரத்தில் எனக்குப் பள்ளிக்கூட வயது. சலூனில் முடிவெட்ட வருகிறவர்களைவிடப் பேப்பருக்காக வருகிறவர்கள்தான் அதிகம். ஒரே பேப்பர் நாலு தாளாகப் பிரிந்து நாலு கைக்குப் போகும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரக்கப் படிப்பார். அவரும் தறி நெய்கிறவர்தான். கிளைக் கழகத்தில் ஏதோ ஒரு பொறுப்பு. பையன்கள் எல்லோருக்கும் அவர் மாமா. திலகர் திடலிலும் தமுக்கத்திலும் தலைவர்கள் ராத்திரி பேசிவிட்டுப் போவார்கள். ஒன்பது மணி என்று நோட்டீஸ் போட்டிருப்பார்கள், பேச்சாளர் வந்து சேரும்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும், கூட்டம் அப்படியே மணலில் துண்டை விரித்துக் காத்திருக்கும். அதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, மறுநாள் காலையில் சலூனில் அந்தப் பேச்சுக்கு ஜாமீன் நிற்கிறவர் மாமாதான். இதைக் கவனியுங்கள். மேடையில் பேசியவரிடம் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. மாமாவிடம் கேட்கலாம். கேட்பார்கள்.

கோரிக்கையைக் கைவிட்டதாகச் செய்தி வந்த நாள், சலூனில் நான் முடிவெட்டக் காத்திருந்தேன். மாமா அன்றைக்கும் வந்தார். எங்கள் தெருவில் கதர்ச்சட்டைப் பெரியவர் ஒருவர் உண்டு, காமராஜரை யாராவது குறை சொன்னால் எழுந்து போய்விடுகிறவர். அவர் இந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தார்.

“என்ன மாப்ளே, நாடு கெடைக்கலன்னா சுடுகாடுன்னு சொன்னீங்கள்ல? தத்தனேரி இந்தா பக்கத்துலதான இருக்கு. எப்பக் கெளம்புறீங்க?”

வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: தத்தனேரியில்தான் மதுரையின் சுடுகாடு. செல்லூருக்குப் பக்கம். சலூனே சிரித்தது. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்ததில், கத்தியை எடுத்துவிட்டுச் சலூன்காரரும் சிரித்தார்.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். “கெடைக்காதுன்னு ஆயிப்போச்சுண்ணே. எல்லையில சண்ட வந்துச்சு. அப்பறம் சட்டம் வந்துச்சு, சத்தியம் பண்ணாம எலக்சன்ல நிக்க முடியாது. ஆந்திராக்காரன், கேரளாக்காரன் எவனும் நம்மகூட வரல. இதுல எது பெரிய காரணம்னு நீங்களே வச்சுக்கங்க.”

“அப்ப இத்தன வருசம் ஊர ஏமாத்துனீங்களா?”

“ஏமாத்தணும்னா இன்னிக்கும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கலாமேண்ணே.”

இந்தப் பதில் பெரியவரை வாயடைத்துவிட்டது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவர் அடுத்த நாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். தெருவில் மாமாவுக்குத் தத்தனேரி என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. தத்தனேரி மாமா. பையன்கள் நாங்களும் மறைவாக அப்படித்தான் சொல்வோம். அவர் சலூனுக்கு வருவதை நிறுத்தவில்லை. அதே பெஞ்சு, அதே பேப்பர், அதே உரத்த குரல். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டுறவுச் சங்கத்தில் நூல் சரியாக வரவில்லை என்று ஒரு பிரச்சினை கிளம்பியது. மனு எழுத வேண்டும். அந்தக் கதர்ச்சட்டைப் பெரியவர் யாரிடம் போனார் தெரியுமா? மாமாவிடம்தான். கேலி பாட்டுக்குக் கேலி, மனு பாட்டுக்கு மனு.

எனக்கு விடை இந்த மனுவில்தான் இருக்கிறது. தறிக்காரர்களுக்குத் திராவிட நாட்டின் எல்லை எங்கே என்பது முக்கியமாக இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1953இல் கைத்தறி நெசவாளர்கள் துணி தேங்கிக் கிடந்து பட்டினி கிடந்தபோது, அண்ணாதுரை திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். மற்ற தலைவர்களும் வேறு ஊர்களில் விற்றார்கள். செல்லூரில் கோரிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்களைவிட இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். துணியைத் தோளில் போட்டு வந்தவன் தனி நாடு என்று சொன்னால் அதையும் கேட்போம், வேண்டாம் என்றால் அதையும் கேட்போம். வரைபடம் பின்னால்தான் வந்தது. ஆள் முன்னால் வந்தான்.

அதற்காகக் கைவிட்டது வீரம் என்று நான் சொல்லவில்லை. 1962 அக்டோபரில் சீனப் போர் வந்தபோது, வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்ற பேச்சு ஊரெங்கும் அடிபட்டது. அப்புறம் 1963 அக்டோபரில் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் யாரும் வேட்பாளராக முடியாது. கட்சி பிழைக்க வேண்டும் என்ற கணக்கும் கைவிட்டதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அண்ணாதுரை ஒரு காரியம் செய்தார். கோரிக்கையை விடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்றார். எது போகிறது, எது நிற்கிறது என்று பிரித்துச் சொன்னதால்தான் எங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கு சலூனில் பேச ஏதோ ஒன்று கையில் இருந்தது. சுடுகாடு முழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். உயிரைப் பணயமாக வைத்துப் பேசுகிற மேடைப் பேச்சுக்கு, தெருவில் நிற்கிற தொண்டன்தான் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

இதில் வருத்தமான ஒரு கிளைக்கதை. ஈ.வெ.கி. சம்பத். திராவிட நாடு நடக்காத காரியம் என்று 1961லேயே வெளிப்படையாகச் சொல்லிக் கட்சியை விட்டு வெளியேறியவர். தமிழ்த் தேசியக் கட்சி என்று தொடங்கினார். அவர் சொன்னது சரி. இரண்டு வருஷத்தில் தாய்க்கட்சியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அவர் கட்சி எடுபடவில்லை, 1964இல் காங்கிரசோடு சேர்ந்துவிட்டது. உண்மையை முதலில் சொன்னவருக்கு ஊரில் பெஞ்சு கிடைக்கவில்லை. மாமாவைப் போலத் தெருவுக்கொரு ஆள் அவருக்கு இருந்திருந்தால் கதை வேறாகியிருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது எதிர்ப்பக்கம். இதை அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சு மாறியவர்களை நம்பிய அதே ஊர், பேச்சு மாறாத அரசாங்கத்தை நம்பவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959இல் நேரு நாடாளுமன்றத்தில் வாக்குறுதி கொடுத்தார். 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. வாக்குறுதியில் இருந்த உறுதி சட்டத்தில் இல்லை என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். நேரு 1964இல் காலமானார். 1965 ஜனவரி 26 முதல் இந்தி முதன்மை ஆட்சிமொழி ஆவதாக இருந்தது. முந்தைய நாள், ஜனவரி 25, நம் மதுரையில் மாணவர் ஊர்வலம். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தின் பக்கம் மோதல் வந்தது. மாணவர்கள் சிலருக்குக் கத்திக்குத்து. அன்று பற்றியது மாநிலம் முழுக்கப் பரவியது. துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா செய்தார்கள். கடைசியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பிப்ரவரி 11 அன்று மக்களிடம் பேசினார். எதில் பேசினார்? வானொலியில். நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். பூங்கா ரேடியோவுக்குக் கீழே நின்று ஜனங்கள் கேட்டார்கள். போராட்டம் மெல்லத் தணிந்தது. ஆனால் அந்த வாக்குறுதி சட்டமாக உட்கார 1967 டிசம்பர் வரை ஆனது. அதற்குள் சென்னையில் ஆட்சியே மாறிவிட்டது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றுப் போயிருந்தார். எங்கள் கதர்ச்சட்டைப் பெரியவர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சலூன் பக்கமே வரவில்லை. மாமாதான் பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். மூன்று நிமிஷமோ இரண்டோ. கதையில் நேரத்தைத் தொலைப்பது வாத்தியார்களுக்குப் பழக்கம்.

படி அரிசியைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். திராவிட நாட்டில் பட்ட சூடு அதில் தெரிகிறது என்று நினைக்கிறேன். ஆசையையும் உத்தரவாதத்தையும் தனித்தனிப் பானையில் வைத்துவிட்டார்கள். அந்த ஒரு படியும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும்தான் வந்தது, மதுரைக்கு வரவில்லை. தத்தனேரி மாமாவுக்கு அதற்கும் சலூனில் மண்டகப்படி நடந்தது.

இன்னொன்று, வெளிநாட்டுக் கதை. கனடாவில் கியூபெக் மாநிலம் தனியாகப் போவதா என்று 1980இலும் 1995இலும் வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டாவது தடவை வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், மயிரிழையில் தப்பியது. ஸ்காட்லாந்தில் 2014 செப்டம்பரில் வாக்கெடுப்பு. 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். பிரிவினை கேட்ட கட்சி தோற்றது. எட்டு மாதம் கழித்து, 2015 மே மாதப் பொதுத்தேர்தலில் அதே கட்சிக்கு ஸ்காட்லாந்தின் 59 நாடாளுமன்ற இடங்களில் 56 கிடைத்தது. வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்ன அதே ஸ்காட்லாந்துதான் போட்டது. நம் 1963க்கும் 1967க்கும் நடுவில் நடந்ததற்கு இது தூரத்துச் சொந்தம் என்பது என் எண்ணம். கிளாஸ்கோவிலும் ஏதாவது ஒரு சலூன் பெஞ்சு இருந்திருக்கும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த நிகழ்ச்சிக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டுவிடுவார். நேயர்களுக்கு வணக்கம்.