சிப்ரியானும் ஸ்தேவானும்: உறவை முறிக்காத ஒரு சண்டை

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஆதித் திருச்சபையில் ஆயர்களுக்குள் (பிஷப்புகளுக்குள்) நடந்த போட்டி என்றதும், பேரரசர்கள் கூட்டிய பெரிய சங்கங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அவற்றுக்கு முந்தைய ஒரு சண்டை முக்கியமாகப் படுகிறது. அரசாங்கம் எந்த ஆயர் பக்கமும் இல்லாத காலம் அது. மோதியவர்கள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், ரோம் நகர ஆயர் ஸ்தேவான்.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவருக்குச் சான்றுச் சீட்டு உண்டு. எகிப்தில் அந்தப் பாப்பிரஸ் சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. ‘நான் எப்போதும் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பலிப்பொருளை உண்டேன்’ என்ற தோரணையில் மனு இருக்கும், கீழே சாட்சிக் கையெழுத்து. பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய கிறிஸ்தவர்களும் உண்டு.

கெடுபிடி தணிந்ததும், பலியிட்ட கிறிஸ்தவர்களும் சீட்டு வாங்கியவர்களும் ஆலயத்துக்குத் திரும்பினார்கள். சேர்ப்பதா, வேண்டாமா? ‘கூடவே கூடாது’ என்ற ரோம் நகரக் குரு நோவாசியன், 251-இல் ரோமின் ஆயரான கொர்னேலியுவுக்கு எதிராகத் தானும் ஆயரானார். சிப்ரியான் கொர்னேலியு பக்கம் நின்றார்.

சரி, நோவாசியன் குழுவில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர் மனம் மாறி வந்தால்? மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் சிப்ரியான். திருச்சபைக்கு வெளியே திருமுழுக்கே கிடையாது என்பது அவர் வாதம். 254-இல் ரோமின் ஆயரான ஸ்தேவானோ, கைகளை வைத்து மன்றாடிச் சேர்த்துக்கொண்டால் போதும், அதுதான் மரபு என்றார்.

256 செப்டம்பர் 1 அன்று கார்த்தேஜில் சங்கம் கூடியது. 87 ஆயர்களின் கருத்து ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கிறது. அத்தனையும் சிப்ரியான் பக்கம். ஆனால் தொடக்கத்தில் அவர் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மாற்றுக் கருத்துள்ள யாரையும் நாம் தீர்ப்பிடப் போவதில்லை, உறவிலிருந்து விலக்கப் போவதும் இல்லை. நம்மில் எவரும் ஆயர்களுக்கு ஆயராகத் தன்னை நிறுத்திக்கொள்ளவில்லை என்றார். கடைசி வரி ரோமுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஸ்தேவான் கடுமை காட்டினார். ஆப்பிரிக்கத் தூதர்களைச் சந்திக்க மறுத்ததோடு, தங்க இடம்கூடத் தரக்கூடாது என்று உத்தரவிட்டாராம். இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் ஆயர் பிர்மிலியான் கோபத்தோடு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. எதிர்த்தரப்பின் சாட்சியம் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஸ்தேவான் 257-இல் இறந்தார். 258 செப்டம்பர் 14 அன்று சிப்ரியான் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார்.

வாதத்தில் வென்றது ஸ்தேவான்தான். 314-இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில் கூடிய சங்கம் மறுதிருமுழுக்கு வேண்டாம் என்றது. அப்புறமும், வட ஆப்பிரிக்காவில் தனித்துப் பிரிந்த தொனாத்துவாதிகள் என்ற குழுவினர் சிப்ரியானின் பெயரைச் சொல்லி மறுபடி திருமுழுக்குக் கொடுத்துவந்தார்கள். அவர்களுக்குப் பின்னாளில் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார் பதில் எழுதினார்: சிப்ரியான் இந்தக் கருத்தில் தவறியிருக்கலாம், ஆனால் அதற்காக அவர் யாரையும் விட்டுப் பிரியவில்லை, நீங்கள் பிரிந்துவிட்டீர்களே என்று. அந்தப் பதிலோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

நன்றி, வணக்கம்.