வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும் இரண்டு பேர்

எல்லாருக்கும் வணக்கம். பெற்றோரும் ஆசிரியர்களும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் ஒரு கடற்கரையில் இருந்து நேராக ஆரம்பிக்கிறேன். மப்பும் மந்தாரமுமான ஒரு நாளில் மூன்று குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். வயலெட்டுக்கு 14 வயது, க்ளாஸுக்கு 12, சன்னி கைக்குழந்தை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் இருமிக்கொண்டே வருகிறார். அவர் போ, வங்கிக்காரர், குடும்பத்துக்குத் தெரிந்தவர். வீடு தீப்பிடித்துவிட்டது, உங்கள் அப்பா அம்மா மாண்டுவிட்டார்கள் என்று சொல்கிறார். குழந்தைகள் பேசாமல் நிற்கவும், "மாண்டுவிட்டார்கள் என்றால் இறந்துவிட்டார்கள்" என்று அர்த்தமும் சொல்கிறார். எங்களுக்கு அந்த வார்த்தை தெரியும் என்று க்ளாஸ் எரிந்து விழுகிறான்.

'எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்' என்ற சிறுவர் நாவல் தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. லெமனி ஸ்னிக்கெட் என்ற பெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதியது. 1999இல் முதல் புத்தகம், 2006 அக்டோபர் 13, ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் புத்தகம், மொத்தம் 13. ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் இதைக் கீழே வைத்துவிட்டு வேறு ஏதாவது படியுங்கள் என்று வாசகருக்கு ஒரு கடிதம் இருக்கும். என் அக்கா மகளுக்கு அதை வாசித்துக் காட்டிய அன்றைக்கே அவள் புத்தகத்தை என் கையில் இருந்து வாங்கிவிட்டாள், அதற்கப்புறம் திருப்பித் தரவில்லை.

பலரும் இதை ஓலாஃப் என்ற வில்லனின் கதை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓலாஃப் ஒரு நாடக நடிகர், அப்பா அம்மா போன பிறகு பிள்ளைகளை வளர்க்க வந்த உறவினர், அவர்களின் சொத்துக்காக அவர்களைத் தன் வீட்டில் வைத்திருக்கிறார், கெட்டவர் என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது. மூன்று பேருக்கும் ஒரே கட்டில். ஒரு நாள், ராத்திரி என் நாடகக் குழு பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சமைத்தே பழக்கமில்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பெண் நீதிபதி ஸ்ட்ராஸின் புத்தக அலமாரியில் சமையல் குறிப்பு தேடி, கடைக்குப் போய்ப் பூண்டு, தக்காளி, ஆலிவ் எல்லாம் வாங்கி, பாஸ்தா செய்து வைக்கிறார்கள். ஓலாஃப் வந்து ரோஸ்ட் பீஃப் எங்கே என்று கேட்டு, க்ளாஸை ஓங்கி அறைந்துவிடுகிறார்.

ஆனால் என்னை உலுக்கியது அந்த அறை இல்லை, மறுநாள் நடப்பதுதான். மூன்று பேரும் ஊரைச் சுற்றி வழி தேடி வங்கிக்கு நடந்தே போகிறார்கள், நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். போ அவசரமாக இருக்கிறார், போன் வேறு அடித்துக்கொண்டே இருக்கிறது. 'இன் லோகோ பேரன்டிஸ்' என்று ஒரு லத்தீன் தொடர் சொல்லி அதற்கும் அர்த்தம் சொல்கிறார்: பெற்றோர் இடத்தில் இருப்பவர், ஆகவே தனக்குச் சரி என்று படுகிற மாதிரி உங்களை வளர்க்க ஓலாஃபுக்கு உரிமை உண்டு. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அக்கா மகள் அந்த இடத்தில் நிறுத்தி, "அவர் நல்லவர்தானே மாமா, அப்புறம் ஏன் கேட்க மாட்டேங்கிறார்?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் புத்தகங்களில் வார்த்தைக்கு அர்த்தம் சொல்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் போ. அவர் அர்த்தம் சொல்வது குழந்தையின் பேச்சை முடித்து வைக்க. இன்னொருவர் கதை சொல்லும் ஸ்னிக்கெட். கடினமான சொல் வரும்போதெல்லாம் கதையை நிறுத்தி, இந்த வார்த்தைக்கு இந்த இடத்தில் இதுதான் பொருள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். சில சமயம் அகராதியில் இருக்கும் அர்த்தம், பல சமயம் அந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பட்ட பாடு. சன்னி ஒரு சத்தம் போட்டால்கூட அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எடுத்துச் சொல்வார். இந்த உலகத்தில் ஒரு கைக்குழந்தையின் சத்தத்தையும் மதித்துக் கேட்கிற பெரியவர் அவர் ஒருவர்தான்.

பிள்ளைகள் தப்பிப்பதும் ஒரு வார்த்தையால்தான். ஓலாஃப் ஒரு நாடகம் போடுகிறார், அதில் ஒரு கல்யாணக் காட்சி, மாப்பிள்ளை ஓலாஃப், மணப்பெண் வயலெட், நீதிபதியாக நடிப்பது நிஜ நீதிபதி ஸ்ட்ராஸ். கையெழுத்துப் போட்டால் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடும். மறுத்தால், கோபுரத்தில் கூண்டில் தொங்கும் சன்னி கீழே விழுவாள். சட்டத்தில் மணப்பெண் 'தன் கையால்', அதாவது எழுதிப் பழகிய கையால், கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறது. வலது கைப் பழக்கமுள்ள வயலெட் இடது கையால் போட்டுவிடுகிறாள், அதனால் கல்யாணம் செல்லாது. ஒரு பதினாலு வயதுப் பெண் தனக்கெதிராக நிற்கும் சட்டத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருகிறாள், எனக்குத் தொடரிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

சரி, இந்தப் புத்தகங்களை வைத்து எடுத்த படத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பரில் வந்தது, இயக்கம் பிராட் சில்பர்லிங், முதல் மூன்று புத்தகங்களைச் சேர்த்து ஒரே கதையாக்கினார்கள். கண்ணுக்கு அழகான படம், அதில் சந்தேகமே வேண்டாம். எமானுவேல் லுபெஸ்கியின் ஒளிப்பதிவில் சாம்பல் பூத்த அந்த உலகம், தாமஸ் நியூமேனின் இசை, ஆஸ்கார் வாங்கிய ஒப்பனை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் காகித நிழலுருவங்களை மட்டும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கதவுக் குமிழைத் தொடக்கூடப் பயப்படும் ஜோசஃபின் அத்தையாக மெரில் ஸ்ட்ரீப் மனதில் நிற்கிறார்.

ஆனால் ஜிம் கேரி ஓலாஃபாக வந்ததும் படம் அவருடையதாகிவிட்டது. அவர் பிரமாதமாகத்தான் நடிக்கிறார், எனக்குக் குறை அதில் இல்லை. வில்லன் அவ்வளவு பெரிதாகும்போது, கேட்காத நல்லவர்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரே ஓர் இடத்தில் படம் இதைச் சரியாகப் பிடித்தது, அது புத்தகத்திலேயே இல்லாத காட்சி: ஓலாஃப் பிள்ளைகளைக் காரில் பூட்டி ரயில் தண்டவாளத்தில் விட்டுவிட்டுப் போகிறார், அவர்கள் தப்பித்த பிறகு போ வந்து, ஓலாஃப் கைக்குழந்தையைக் கார் ஓட்ட விட்டாரே என்ற காரணத்துக்காக அவர்களை அழைத்துப்போகிறார். கண்ணெதிரே கொலை முயற்சி நடந்திருக்கிறது, அவருக்கு அது தெரியவில்லை.

க்ளைமாக்ஸில் அந்த 'தன் கையால்' கிடைக்கவில்லை. க்ளாஸ் கோபுரத்தில் ஏறி, ஒரு பெரிய லென்ஸ் வழியாகச் சூரிய ஒளியைப் பாய்ச்சித் திருமணப் பத்திரத்தை எரித்துவிடுகிறான். திரையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் ஒரு பெண் தன்னைத் தானே மீட்டுக்கொண்ட இடம் போய்விட்டது. அப்புறம், அஞ்சலில் தாமதமான பெற்றோரின் கடிதம் ஒன்று வந்து சேர்கிறது, மூன்று பேரும் அதைப் படித்து ஆறுதல் அடைகிறார்கள். முதல் புத்தகத்தில் அப்படி ஒரு கடிதம் கிடையாது.

அங்கே என்ன இருக்கிறது என்றால், யாரோ விளக்கை அணைக்க ஓலாஃப் இருட்டில் தப்பித்துவிடுகிறார். இந்தப் பிள்ளைகளை நானே வளர்க்கிறேன் என்கிறார் ஸ்ட்ராஸ். பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை, அந்தப் புத்தக அலமாரி, அந்தத் தோட்டம். உறவினர்தான் வளர்க்க வேண்டும் என்று உயிலில் இருக்கிறது என்று போ மறுத்து, அவர்களைக் காரில் ஏற்றுகிறார். பின்கண்ணாடி வழியாக மூன்று பேரும் கையசைக்கிறார்கள், ஸ்ட்ராஸ் இருட்டில் ஒரு புள்ளியாகச் சிறுத்துப் போகிறார். கார் ஒரு பிறழ்ந்த திசையில் போவதாகப் பிள்ளைகளுக்குப் படுகிறது. ஸ்னிக்கெட் அங்கேயும் நிறுத்தி அர்த்தம் சொல்கிறார்: 'பிறழ்ந்த' என்றால் இந்த இடத்தில், ரொம்ப ரொம்பத் தப்பான, நிறைய துக்கத்தைத் தரப்போகிற.