கேமரா ஸ்டாண்டின் கால் உடைந்த கதை

வணக்கம் மக்களே. படம் ஆடுகிறதா? ஆடத்தான் செய்யும். திருவனந்தபுரத்தில் ‘சாலைக் கம்போளம்’ என்ற சந்தையில் 1,600 சொன்னவரிடம் அரை மணி நேரம் மலையாளத்தில் மல்லுக்கட்டி 1,150 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டாண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே உதையில் கால் ஒடிந்தது. உதைத்தவன், நீங்கள் எல்லோரும் ‘குட்டிச் சண்டியர்’ என்று கொஞ்சுகிற என் அக்கா மகன். வயது ஏழு.

களியக்காவிளையில் கொண்டுபோய்க் காட்டினேன். “இந்தக் கிளிப் தனியாகக் கிடைக்காது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார் கடைக்காரர். நானா விடுவேன்? சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்றை இனாமாக வாங்கி இறுக்கிச் சுற்றினேன். பாருங்கள், நிற்கிறது! சரி, சாய்ந்து நிற்கிறது. 1,150 ரூபாய், மக்களே.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “செல்போன் பார்த்துக் கெட்ட பிள்ளை.” ஒற்றை வரித் தீர்ப்பு எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். இரவெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

1961-இல் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டில், ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 72 சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பொம்மை; அடித்தால் சாய்ந்து எழும், நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அண்ணன் மாதிரி. பெரியவர் ஒருவர் அதை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளில் பலர் அதே சுத்தியல், அதே வசனம் என்று திருப்பிச் செய்தார்கள். 1963-இல் திரையில் காட்டிப் பார்த்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் மாமி சொன்னது சரியா? அவசரப்படாதீர்கள். அடி வாங்கவே செய்த பொம்மையை அடிப்பதும் ஆளை அடிப்பதும் ஒன்றா என்று கேட்டவர்கள் உண்டு. அமெரிக்க உளவியல் சங்கமும் 2015-இல், வன்முறை வீடியோ கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் குற்றத்துக்கு அது காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று பிரித்தே சொன்னது.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். 1965-இல் பண்டுரா இன்னொரு படம் காட்டினார். அடித்தவருக்குக் கடைசியில் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. செய்து காட்டினால் பரிசு என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டிவிட்டார்கள். பாடம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஓணம் வீடியோ நினைவிருக்கிறதா? சினிமாச் சண்டை பார்த்த சூட்டில் பயல் வாழை மரத்தைச் சுழன்று உதைத்தானே! “இன்னொரு தடவை, கேமராவைப் பார்த்து உதை” என்று சொன்னவன் நான். மூன்று தடவை எடுத்தோம். கூலி, ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே சுழற்சி, அதே கால். உதைத்துவிட்டு அவன் ஓடவில்லை. கீழே கிடந்த கேமராவைப் பார்த்து, “மாமா, எடுத்தீர்களா?” என்றான்.

ஓணம் வீடியோவைக் காலையில் நீக்கிவிட்டேன், தேடாதீர்கள். அடுத்த வீடியோ பாட்டியின் முந்திரிக்கொத்து... பொறுங்கள், டியூப் நழுவுகிறது.