160 கிலோமீட்டருக்கு ஏன் 40 நிமிடம்?

[திரையில்: ஹவாய்த் தீவுகளின் வரைபடம்]

ஒவாஹு தீவில் ஹொனலுலு விமான நிலையம், மாவி தீவில் கஹுலுயி விமான நிலையம். நடுவே கடல். நேர்த்தொலைவு சுமார் 160 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் என்று வைத்து வகுத்தால், 12 நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் இருப்பதோ 40 நிமிடத்தை ஒட்டிய நேரம். மீதி எங்கே போயிற்று?

தொலைவில் பிழை இல்லை. பூமியின் வளைவையும் சேர்த்து அளந்த குறுக்குவழிதான் அந்த 160. சிக்கல் முழுவதும் நேரத்தில்தான்.

[திரையில்: முனையத்திலிருந்து நகரும் விமானம்]

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும்வரை எல்லாம் அதில் அடங்கும். ஹொனலுலுவின் ஓடுபாதைகளில் ஒன்று கடலுக்குள், பவளத்திட்டின்மேல் கட்டப்பட்டது. அங்கிருந்து புறப்பட வேண்டியிருந்தால், தரையில் ஊர்ந்து செல்வதற்கே பல நிமிடங்கள் தேவை.

மேலே எழும்பிய பிறகாவது முழுவேகம் பிடிக்க முடியுமா? அமெரிக்க விதிப்படி 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (knot, விமான வேக அலகு) வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 160 கிலோமீட்டரைக் கடக்க 21 நிமிடம் ஆகும். அந்த உயரத்தைத் தாண்டி வேகம் கூட்டிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். 800 என்ற எண் நீண்ட பயணங்களுக்கு உரியது. தீவுத் தாவலுக்கு அதை வைத்துக் கணக்கிடவே கூடாது.

[திரையில்: மாவி தீவு, காற்றின் அம்புக்குறிகள்]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹவாயில் ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும். விமானம் எதிர்காற்றில் இறங்குவதே பாதுகாப்பு, அதாவது தென்மேற்குப் பக்கமிருந்து ஓடுபாதையை அணுக வேண்டும். ஆனால் ஹொனலுலு இருப்பது மாவிக்கு வடமேற்கே. எனவே விமானம் தீவின் தென்புறமாகச் சுற்றி வந்து, வடக்கே திரும்பி, 3,055 மீட்டர் உயர ஹலேயாகலா எரிமலைக்கும் மேற்கு மலைகளுக்கும் இடையிலுள்ள சமவெளியின்மேல் பறந்து ஓடுபாதையை அடைகிறது. வரைபடத்தின் நேர்க்கோடு காற்றையும் மலையையும் அறியாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இடையே வெறும் 2.7 கிலோமீட்டர். உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை, 1967 முதல் நடக்கிறது. அட்டவணையில் 2 நிமிடம். காற்று துணைநின்ற ஒருமுறை 53 வினாடியில் முடிந்திருக்கிறது. சிறிய விமானம், சிறிய ஓடுபாதை, நெரிசல் இல்லை.

[திரையில்: பசிபிக், சர்வதேசத் தேதிக்கோடு]

இன்னொரு வழித்தடத்தில் கடிகாரமே குழப்பும். அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும், சமோவாவின் தலைநகர் அப்பியாவுக்கு அருகிலுள்ள ஃபலேயோலோ நிலையத்துக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். பறக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே விட்டுவிட்டு, சமோவா தேதிக்கோட்டின் (கடந்தால் தேதி மாறும் கற்பனைக் கோடு) மறுபக்கம் மாறியது. இன்று இரண்டுக்கும் 24 மணி நேர வேறுபாடு. திங்கள் காலை பாகோ பாகோவில் ஏறினால் செவ்வாய் காலை இறங்குவீர்கள். திரும்பும்போது செவ்வாயில் ஏறித் திங்களில் இறங்குவீர்கள். டிக்கெட்டில் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரம்தான். அந்த வழியில் தங்கும் அறை பதிவு செய்பவர்கள் மணியைவிடத் தேதியை முதலில் சரிபாருங்கள்.