கால்-வாய் நோய்: கிருமியின் ஓடும் தடுப்பூசியின் குளிரும்

(மட்டக்களப்பில் மாட்டுப் பட்டிக்காரர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்திருக்கும் பட்டிக்காரர்களுக்கும், அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

கால்-வாய் நோயை உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. எச்சில் கயிறாக வடிய, சப்புக்கொட்டிக்கொண்டு, முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கும் மாட்டைத் தூரத்தில் கண்டவுடனேயே நீங்கள் அறிந்துகொள்வீர்கள். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் மேற்றோல் கொப்புளித்து உரிந்து, அடியில் சிவந்த புண் தெரியும். குளம்புப் பிளவிலும் மடிக்காம்பிலும் அதே கொப்புளம் இருக்கும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. கன்றுகளோ, வாயில் ஒரு புண் தோன்றுவதற்கு முன்னரே, இதயத் தசை பழுதுபட்டுத் திடீரென விழுந்து இறந்துவிடுகின்றன. பிழைத்த மாடுகளிலும் சில, மயிர் நீண்டு வளர, வெயில் தாங்காமல் மாதக்கணக்கில் மூச்சிரைத்து நிற்கும். பாலும் முன்போல் திரும்பாது. தயிர்ச் சட்டியை நம்பியிருக்கும் வீட்டுக்கு, இறந்த மாட்டைவிட இப்படிப் பிழைத்த மாடே நீண்ட காலச் சுமையாகிறது.

தடுப்பூசி போட்ட பட்டியிலும் நோய் வருகிறதே, பிறகு ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அது நியாயமான கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி இந்தக் கிருமியின் உடலமைப்பிலேயே இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1898இல் பிரீட்ரிக் லொவ்லர், போல் புரொஸ் என்ற இரு ஜேர்மனிய ஆய்வாளர்கள், நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை பற்றீரியா புக முடியாத வடிகட்டியினூடாகச் செலுத்தினார்கள். வடிந்து வந்த தெளிந்த நீரும் கன்றுகளை நோய்ப்படுத்தியது. விலங்குகளைத் தாக்கும் வைரசு ஒன்று உண்டு என்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது இந்த நோயின் வழியாகத்தான். பிக்கோர்னா வைரசுகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது இது. இளம்பிள்ளை வாதத்தையும் சாதாரண தடிமனையும் உண்டாக்குபவை இதன் உறவுகளே. பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வரும் கை-கால்-வாய் நோயும் இதே குடும்பத்து வேறொரு வைரசால் வருவது. அது மாட்டிலிருந்து தொற்றுவதில்லை என்பதைத் தாய்மார் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கக்கூடிய அளவு சிறியது இந்த வைரசு. உள்ளே, அதன் மரபுச் செய்தியைத் தாங்கும் ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றிப் புரதங்களால் ஆன ஓடு. அந்த ஓடு, பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகளைப் பொருத்திய பந்து போன்றது. 1989இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் ஊடுகதிரைப் பயன்படுத்தி அதன் வடிவத்தை அணு அணுவாக வரைந்து காட்டினார்கள். மாட்டின் கலத்தைப் பற்றிக்கொள்ளும் வளையம் ஒன்று ஓட்டின் வெளியே நீண்டு நிற்பதும், அவ்வளையம் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பதும் அந்தப் படத்தால் விளங்கின. ஓ, ஏ, சி, ஏசியா 1, சற் 1, சற் 2, சற் 3 என ஏழு வகைகள் இருப்பதும், ஒன்றுக்கு எதிரான ஊசி மற்றதைத் தடுக்காமல் இருப்பதும் இத்தகைய மாற்றங்களின் விளைவே. சி வகை 2004க்குப் பின் எங்கும் காணப்படவில்லை.

ஓட்டின் துண்டுகள் இறுகப் பிணைந்தவை அல்ல. சிறிதளவு புளிப்பு பட்டாலும் போதும், ஓடு பன்னிரண்டு துண்டுகளாகச் சிதறிவிடும். கலத்தின் உள்ளே சென்றதும் ஆர்.என்.ஏ. வெளியேறுவது இப்படித்தான். வெப்பமும் அதையே செய்யும். இது கிருமியின் பலவீனம் என்று நாம் மகிழலாம். ஆனால் நம் தடுப்பூசியின் பலவீனமும் இதுவே. தொழிற்சாலையில் வளர்த்து, இரசாயனத்தால் கொன்று, ஓட்டை மட்டும் சிதையாமல் காத்துக் குப்பியில் அடைத்துத் தருவதுதான் இந்த ஊசி. மாட்டின் உடல் எதிர்ப்பைக் கற்றுக்கொள்வது முழு ஓட்டைப் பார்த்து. சிதறிய துண்டுகளால் அது பெறும் எதிர்ப்பு மிகச் சொற்பம். அதிலும் ஓ வகையின் ஓடு, ஏ வகையினுடையதைவிட எளிதில் சிதறக்கூடியது. இலங்கையில் அண்மைக் காலங்களில் நோயை உண்டாக்கி வருவது ஓ வகையே.

ஆகவே 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய குப்பி, வவுணதீவைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வெயிலில் சென்று, பட்டிக்காரர் மாடுகளைச் சேர்த்து முடிக்கும்வரை மரநிழலில் காத்திருந்தால், ஊசி ஏற்றப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதப்படும். மாட்டின் உடலில் எதிர்ப்பு இருக்காது. குப்பியைப் பார்த்து இதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்துபோனாலும் மருந்து கெட்டுவிடும். தூரத்து மேய்ச்சற்றரைகளுக்கு அருகே ஒரு குளிர்சாதனப் பெட்டியும் தடையற்ற மின்சாரமும் கேட்பதை நான் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

அடுத்தது காலம். பெரும்போக விதைப்பு தொடங்கியதும் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சற்றரைகளுக்குச் செல்கின்றன. அம்பாறையில் வட்டமடுவுக்குப் போவோர் உண்டு. அறுவடை முடிந்ததும் வயல்களுக்குத் திரும்புகின்றன. பல ஊர் மாடுகள் ஒரே நீர்நிலையில் வாய் வைக்கும் மாதங்கள் அவை. நோய் தேறிய மாடும் எருமையும் தொண்டையில் வைரசை நெடுநாள் வைத்திருக்கக் கூடும். மேய்ச்சற்றரைக்காக 2023இல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் அறவழியில் அமர்ந்து போராடியதை நாம் அறிவோம். நிலம் சுருங்கினால் மாடுகள் நெருங்குகின்றன, நெருங்கினால் இந்நோய் ஒரே கிழமையில் பட்டி முழுவதும் பரவுகிறது. ஊசியின் காப்பு ஏறத்தாழ ஆறு மாதமே நிற்கும். முதன்முறை போடும் மாட்டுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது ஊசியும் வேண்டும். ஆகையால் ஆவணியிலும் புரட்டாதியிலும், பட்டிகள் புறப்படுமுன், ஊசி முடிந்திருக்க வேண்டும். நோய் கண்ட பின் ஓடித் திரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது: நோயுற்ற மாட்டின் கொப்புளத் தோலில் ஒரு துண்டு. இந்நாட்டில் முன்பு சுற்றிவந்த ஓ வகையின் கிளை வேறு, 2014ஆம் ஆண்டளவில் பரவிய கிளை வேறு. பிந்தியது இந்தியாவிலும் சுற்றிவந்தது. கொப்புளத் தோலின் துண்டுகளிலிருந்தே இது தெரியவந்தது. அந்தத் துண்டு இல்லாமல், குப்பியிலுள்ள ஓடு வயலில் திரியும் வைரசுக்குப் பொருந்துமா என்று பொல்கொல்லையிலுள்ள விலங்கு வைரசு ஆய்வுகூடமோ பிரித்தானியாவின் பேர்பிரைட் ஆய்வகமோ சொல்ல இயலாது. பட்டியில் முதல் மாடு எச்சில் வடித்த அன்றே, புண்ணில் உப்பும் மஞ்சளும் தேய்ப்பதற்கு முன், கால்நடை வைத்தியருக்குச் சொல்லி அனுப்புங்கள். புதிதாக உடைந்த கொப்புளத்திலிருந்து ஒரு கிராம் தோல் போதும். அதுவரை அந்த மாட்டைத் தனியே கட்டி, சலவைச் சோடா கரைத்த நீரால் கையையும் பாற்பாத்திரத்தையும் செருப்பையும் கழுவி, அடுத்த பட்டிக்குச் செல்லாமல் இருங்கள்.